ஒட்டாமல் கிடக்கும் கூரை

ஓட்டுக்கூரை போட நினைப்பவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, மண் ஓடா, கான்கிரீட் ஓடா என்பது. அடுத்தது, சதுரத்துக்கு என்ன விலை. கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இவ்விரண்டுக்கும் சரியான விடை வாங்கிக்கொண்டு போனவர்களின் வீடுகளும் ஒழுகுகின்றன, வேகின்றன, புயலில் பறக்கின்றன. ஓட்டின் தரத்தைவிட, ஓடு எதன்மேல், எந்தச் சாய்வில், எவ்வளவு பிடிப்போடு கிடக்கிறது என்பதில்தான் கூரையின் ஆயுள் இருக்கிறது.

மற்றக் கூரைகளிலிருந்து ஓட்டுக்கூரை அடிப்படையிலேயே வேறுபடுகிறது. கான்கிரீட் தளம் ஒரே பாளம். தகரமும் சிமென்ட் அட்டையும் அகலமான தாள்கள். ஓட்டுக்கூரையோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு துண்டுகளால் ஆனது, ஒரு துண்டும் அடுத்ததோடு ஒட்டியிருப்பதில்லை. தன் எடையால் கீழ்நோக்கி அழுந்தி, பின்பக்கக் கொக்கியால் ரீப்பர் என்னும் குறுக்குச் சட்டத்தைப் பற்றி, பக்கத்து ஓட்டின் விளிம்பின்மேல் தன் விளிம்பை ஏற்றிக் கிடக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒட்டாமைதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. வெயிலில் விரிந்து இரவில் சுருங்க இடமிருப்பதால் வெடிப்பு விழுவதில்லை. உடைந்ததை மட்டும் உருவிப் புதியதைச் செருகலாம். இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறும். அதே இடுக்குகள் வழியே சாரல் வரும், தூசி வரும், குரங்கு கை வைக்கும், புயல் நுழையும். கூரை ஓட்டின் வரலாறு முழுவதும், இந்தத் துண்டுகளை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு விட்டுவைப்பது என்ற கணக்கின் வரலாறாகவே தெரிகிறது.

குயவரின் ஓடு

கீழடி அகழாய்வில் கூரை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் மேற்பகுதியில் துளைகள் உண்டு. நீர் வழிந்தோட விரலால் இழுத்த பள்ளங்கள் உண்டு. துளை இருக்கிறது என்றால் ஓட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் எண்ணம் இருந்திருக்கிறது. பள்ளம் இருக்கிறது என்றால் நீரைத் தடுப்பதைவிட அதற்கு வழிகாட்டுவது முக்கியம் என்ற தெளிவு இருந்திருக்கிறது. ஓட்டுக்கூரையின் இரண்டு அடிப்படைகளும் அங்கேயே வந்துவிட்டன.

நம் ஊர்களில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கண்டு பழகிய நாட்டு ஓடு வேறு வகை. குயவர் சக்கரத்தில், ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும் குழாயை வனைந்து, ஈரம் முழுதும் வற்றுவதற்குள் நெடுக்கில் இரண்டாகக் கீறிச் சூளையில் வைத்தால் இரண்டு ஓடு. மேயும்போது ஒரு வரிசையை மல்லாத்தி வைப்பார்கள், அடுத்த வரிசையைக் குப்புறக் கவிழ்ப்பார்கள். மல்லாந்தது வாய்க்கால், கவிழ்ந்தது இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு மூடி. அச்சு கிடையாது, ஆகவே இரண்டு ஓடுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. அந்தக் குறையை அடுக்கின் கனத்தால் ஈடுகட்டினார்கள். செட்டிநாட்டுப் பெருவீடுகளின் சாய்கூரைகளில் நாட்டு ஓட்டை அடுக்கின்மேல் அடுக்காக மேய்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்: மேலடுக்கு தவறவிட்ட துளியைக் கீழடுக்கு பிடித்துக்கொள்ளும். அடுக்குகளுக்கு இடையில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும்.

விலையாகக் கொடுத்தது எடையை. அவ்வளவு பாரத்தைத் தாங்கத் தேக்கு விட்டங்கள் வேண்டும். சாதாரண வீடுகளில் அந்த வேலையைப் பனை செய்தது. முற்றி வைரம் பாய்ந்த பனையைப் பிளந்து எடுத்த கைமரம், அதாவது கூரையின் சாய்வுச் சட்டம், கறையானுக்கு எளிதில் அசைந்து கொடுக்காது. இளம் பனையில் எடுத்தால் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். நல்ல ஓட்டு வீடு அமைவதற்குக் குயவர் சூளையோடு முதிர்ந்த பனந்தோப்பும் பக்கத்தில் வேண்டியிருந்தது.

மங்களூரில் வந்த மாற்றம்

ஓட்டை அச்சில் அழுத்தி, விளிம்பில் வரப்பும் பள்ளமும் கொடுத்து, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளச் செய்யும் முறைக்கு 1841இல் காப்புரிமை பெற்றவர்கள் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்தோனி சகோதரர்கள். இதே கொள்கையில் அமைந்த ஓட்டை இந்தியாவில் பேரளவில் செய்யத் தொடங்கியது பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு. மதம் மாறியதால் குலத்தொழிலையும் ஊர் உறவையும் இழந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தறிக்கூடம் உள்ளிட்ட தொழில்களை நடத்திவந்த அந்த மிஷன், 1865இல் மங்களூரின் ஜெப்புவில் ஓட்டு ஆலையைத் திறந்தது. பொறுப்பேற்று நடத்தியவர் கியோர்க் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர். நேத்ராவதி, குருபுரா ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த களிமண், மலையடிவாரத்து விறகு, ஏற்றுமதிக்குத் துறைமுகம் மூன்றும் ஓரிடத்தில் இருந்தன. அடுத்த நாற்பது ஆண்டுகளில் மிஷனின் ஆலைகள் கோழிக்கோடு, பாலக்காடு, பரோக் வரை பரவின. உள்ளூர் முதலாளிகளும் போட்டிக்கு இறங்கினார்கள். முதல் உலகப் போரில் மிஷனின் தொழில்கள் எதிரி நாட்டுச் சொத்தாகக் கருதப்பட்டுக் கைமாறி, காமன்வெல்த் டிரஸ்ட் வசம் போயின. 1865 என்ற ஆண்டும் மிஷனின் பெயரும் பதித்த ஓடுகளைப் பழைய வீடுகளை இடிக்கும்போது இன்றும் பார்க்கலாம்.

மங்களூர் ஓடு என்று பெயர்பெற்ற இந்த ஓடு வென்றதற்குக் காரணம் கணக்கு. பூட்டு இருப்பதால் ஒற்றை அடுக்கே போதும். ஒரு சதுரம், அதாவது 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 150 ஓடு. ஓர் ஓடு இரண்டு முதல் மூன்று கிலோ. அடுக்கடுக்கான நாட்டு ஓட்டைவிடக் கூரையின் எடை வெகுவாகக் குறைந்தது. மெல்லிய கைமரம் போதுமென்றாயிற்று. ரயில் நிலையம், அரசு அலுவலகம், பள்ளிக்கூடம், பண்டகசாலை என்று எங்கும் ஏறிய பிறகு வீடுகளுக்கும் வந்தது. தமிழ்நாட்டிலும் மானாமதுரை போன்ற களிமண் ஊர்களில் ஆலைகள் எழுந்தன. இலங்கையில் இதே வகை ஓடு கள்ளிக்கோட்டையின், அதாவது கோழிக்கோட்டின், பெயராலேயே வழங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் கையால் செய்த ஓடு, இயந்திர ஓடு என்று இரண்டு தனிப் பிரிவுகள் இருந்தன. குயவரும் ஆலையும் பங்குபோட்டுக்கொண்ட நூற்றாண்டின் சுவடு அது.

சாய்வு தரும் பாடம்

ஓடு நீரைத் தடுப்பதில்லை, ஓட வைக்கிறது. சாய்வு குறைந்தால் ஓட்டம் மெதுவாகும், மேலோட்டின் அடிவிளிம்பில் நீர் தயங்கி நிற்கும், காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். நெருக்கமாக இருக்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே நீர் தானாகவே ஏறும் இயல்பும் சேர்ந்துகொண்டால் எந்த ஓடும் ஒழுகும். ஓட்டின் விளிம்பில் வரப்பும் பள்ளமும் இருப்பது இந்த ஏற்றத்தை முறிக்கத்தான்.

மங்களூர் ஓட்டுக்கு 25 பாகைக்குக் குறையாத சாய்வு வேண்டும். நல்ல மழை பெய்யும் ஊர்களில் 30 பாகை உத்தமம். ஆசாரியின் கணக்கில் சொன்னால், சுவரிலிருந்து முகட்டுக்குக் கிடைமட்டத்தில் 10 அடி இருந்தால், 25 பாகைக்கு முகடு 4 அடி 8 அங்குலம் உயர வேண்டும். 30 பாகைக்கு 5 அடி 9 அங்குலம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் கூரை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதைப் பார்த்தால், சாய்வை மழை தீர்மானிப்பது கண்ணுக்கே புரியும். பழைய கூரையின் சட்டத்தை மாற்றாமல், கீற்றையோ தகரத்தையோ எடுத்துவிட்டு ஓடு போடுகிறவர்கள் முதலில் அளக்க வேண்டியது இந்தச் சாய்வை. தகரத்துக்குப் போதுமாயிருந்த சாய்வு ஓட்டுக்குப் போதாது.

சாய்வு கூடினால் பரப்பும் கூடும். இதை மறப்பதால்தான் ஓடு வாங்கும்போது கணக்கு உதைக்கிறது. 20 அடிக்கு 30 அடி வீடு, தரைப்பரப்பு 600 சதுர அடி. இதைப் பார்த்து 6 சதுரம், 900 ஓடு என்று வாங்கினால் கூரையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டுமுன்பே நின்றுவிடும். நாற்புறமும் சுவரைத் தாண்டி 2 அடி இறவாணம் விட்டால் கூரையின் கீழ்ப்பரப்பு 24 அடிக்கு 34 அடி, 816 சதுர அடி. 30 பாகைச் சாய்வில் அது ஏறத்தாழ 940 சதுர அடியாகும். அதற்கு 1,410 ஓடு. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1,480. முகட்டு ஓடு தனி.

எடையையும் இதே வீட்டில் பார்க்கலாம். ஓடு ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ வைத்தால் மொத்தம் மூன்றரை டன். மழையில் ஊறினால் இன்னும் அரை டன்னுக்கு மேல் கூடலாம். அதே சாய்வில் 4 அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டால் ஏறத்தாழ 22 டன். சுவரும் அஸ்திவாரமும் தாங்க வேண்டிய பாரத்தில் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. பழைய செம்மண் சுவர் வீடுகளுக்கு ஓடு பொருந்தியதும், தளம் பொருந்தாததும் இதனால்தான்.

மேயும் முறை

ஓடு மேய்தல் கீழிருந்து மேலே போகும் வேலை. அதற்கு முன் ரீப்பர் இடைவெளி சரியாக அமைய வேண்டும். மங்களூர் ஓட்டுக்குப் பன்னிரண்டரை அங்குலத்தை ஒட்டி வரும். ஆனால் ஆலைக்கு ஆலை ஓட்டின் நீளம் கொஞ்சம் மாறும். புத்தக அளவை நம்பாமல், வந்திறங்கிய ஓட்டிலிருந்தே பத்தைத் தரையில் பூட்டி அடுக்கி, ஒருமுறை இழுத்தும் ஒருமுறை நெருக்கியும் அளந்து, சராசரியை எடுத்துக்கொள்வது நல்ல ஆசாரியின் வழக்கம். இடைவெளி அதிகமானால் மேலோடு கீழோட்டின்மேல் போதிய அளவு ஏறாது. குறைந்தால் பூட்டு உட்காராமல் ஓடு தூக்கிக்கொண்டு நிற்கும்.

இறவாணத்தில் வரும் முதல் ரீப்பரை மற்றவற்றைவிட ஓர் ஓட்டின் கனம் உயர்த்தி அடிக்க வேண்டும். மேலே உள்ள ஒவ்வோர் ஓடும் கீழே உள்ள ஓட்டின்மேல் சாய்ந்திருக்கிறது. முதல் வரிசைக்குச் சாய ஓடு இல்லை. இதைச் செய்யாவிட்டால் முதல் வரிசை தலைகுனிந்து, இரண்டாம் வரிசைக்கும் அதற்கும் நடுவே வாய் பிளந்துவிடும். முகட்டுப் பக்கம் கடைசி ரீப்பரை, முகட்டு ஓடு தாராளமாக மூடும்படி நெருக்கி வைக்க வேண்டும்.

இரண்டு பக்கச் சாய்விலும் மாறிமாறி ஏற்றிக்கொண்டு போவது முறை. ஒரு பக்கத்தை முழுக்க மேய்ந்துவிட்டு மறுபக்கத்துக்கு வந்தால், மெல்லிய சட்டம் பாரத்தால் ஒருபுறம் சாயும். ஓட்டு வரிசை நேராகப் போகிறதா என்பதற்கு இறவாணத்திலிருந்து முகடு வரை நூல் பிடிப்பார்கள். கீழே கால் அங்குலம் விலகினால் மேலே பூட்டு பொருந்தாமல் போகும்.

நடுக்கூரை எளிது. ஓட்டுக்கூரை ஒழுகும் இடங்கள் ஓடு முடியும் இடங்கள்தாம்: முகடு, இரண்டு சாய்வுகள் உள்ளே சந்திக்கும் பள்ளமூலை, சுவரை ஓடு தொடும் இடம். பள்ளமூலையில் இரண்டு பக்க நீரும் சேர்கிறது. அங்கே துருப்பிடிக்காத தகட்டைக் கீழே அகலமாக விரித்து, ஓட்டை அதன்மேல் வெட்டி நிறுத்தி, நடுவில் நீருக்கு வழிவிட வேண்டும். கலவையைப் பூசி அடைத்தால் முதல் கோடையிலேயே விரிசல் விடும். சுவரோரத்திலும் இதே கதை. தகட்டைச் சுவருக்குள் காடி எடுத்துச் செருகி, ஓட்டின்மேல் மடித்துவிட்டால் சுவரும் கூரையும் தனித்தனியே அசையலாம். முகட்டு ஓட்டைக் கலவையில்தான் உட்கார வைக்கிறோம். அங்கும் சிமென்ட் அதிகம் சேர்த்த கலவை இறுகி வெடிக்கும். சுண்ணாம்பு சேர்ந்த மென்கலவை கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

இன்று கைமரத்தின் இடத்தை இரும்புச் சதுரக் குழாய் பிடித்துவிட்டது. நேராக இருக்கும், கறையான் அண்டாது, விரைவாக முடியும். வெல்டிங் வைத்த இடத்தில் மேற்பூச்சு எரிந்துபோவதால் துரு அங்கேதான் தொடங்கும். ஓடு ஏறுவதற்கு முன் அந்த இடங்களில் மறுபூச்சு அடிப்பது கட்டாயம். கடலோர ஊர்களில் இதைச் செய்யாமல் விட்டால் ஓடு உழைக்கும், சட்டம் உழைக்காது.

மண்ணும் சிமென்ட்டும்

இப்போது அந்தக் கடைக் கேள்விக்கு வரலாம்.

கான்கிரீட் ஓடு புதிய சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஜெர்மனியின் பவேரியாவில் 1840களிலேயே அடோல்ஃப் குரோஹர் என்பவர் அதைச் செய்யத் தொடங்கிவிட்டார். மணல், சிமென்ட், நிறமி கலந்து அழுத்தி வார்த்து, நீராவியிலோ ஈரத்திலோ பதப்படுத்தி எடுப்பது. சூளையில் வேகாததால் கோணல் வராது. அளவு துல்லியமாக இருக்கும். ஓடு பெரியது: ஒன்று நான்கரை, ஐந்து கிலோ. ஒரு சதுர மீட்டருக்குப் பத்துப் போதும். மங்களூர் ஓடு பதினாறு வேண்டும். ஆகவே மேயும் வேலை விரைவு. மொத்த எடை மண் ஓட்டைவிடச் சற்று அதிகம். மேலே ஆள் நடந்தால் மண் ஓட்டைவிடத் தாங்கும். பல வடிவங்கள் 20 பாகையை ஒட்டிய சாய்விலும் வேலை செய்யும்.

நிறத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மண் ஓட்டின் சிவப்பு, களிமண்ணிலுள்ள இரும்பு சூளையில் வெந்து வந்தது. ஓட்டின் கனம் முழுவதும் அதே நிறம், வெயிலுக்கு வெளுக்காது. கான்கிரீட் ஓட்டின் நிறம் கலந்ததும் பூசியதும். மேல்தோல் தேயத்தேய மணல் தெரியத் தொடங்கும், நிறம் மங்கும். தொடக்க காலத்தில் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு வெளியே வந்து வெள்ளைப் படலம் பூக்கலாம். அது குறைபாடு இல்லை. மழையில் தானே கரைந்துவிடும். கழுவ அமிலம் ஊற்றுவது மேல்தோலைத்தான் அரிக்கும்.

மண் ஓட்டில் ஆபத்து வேக்காட்டில் இருக்கிறது. வேகாத ஓடு நீரை உறிஞ்சி, பாசி பிடித்து, உப்புக் காற்றில் பொரிந்து உதிரும். மிஞ்சி வெந்தது கோணிப் பூட்டில் உட்காராது. மங்களூர் ஓட்டுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 654, உயர்தர ஓடு தன் எடையில் நூற்றுக்கு 18 பங்குக்கு மேல் நீர் உறிஞ்சக் கூடாது என்கிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த ஓட்டை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்க நீரில் போட்டு, துடைத்து மறுபடி எடைபோட வேண்டும். இரண்டரைக் கிலோ ஓடு 450 கிராமுக்கு மேல் கூடினால் அந்தச் சுமையைத் திருப்பி அனுப்பலாம். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை என்றால் உள்ளே கீறல். சமதளத்தில் வைத்தால் நான்கு மூலையும் படிய வேண்டும்.

வெப்பத்தில் மண் ஓட்டுக்கு ஒரு சிறு அனுகூலம் உண்டு. உறிஞ்சிய மழைநீர் வெயிலில் ஆவியாகும்போது ஓட்டைக் குளிர்விக்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் உறிஞ்ச மழை ஏது? கோடையில் வீடு குளிர்வதை ஓட்டின் பொருளைவிட அதன் அடியிலுள்ள காற்று தீர்மானிக்கிறது. இறவாணத்தில் காற்று நுழைந்து, முகட்டிலும் சுவரின் முக்கோண உச்சியிலும் வெளியேற வழியிருந்தால் சூடு தங்காது. ஓடு மெல்லியது என்பதால் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை அறைக்குள் விடும். பகல் நேரத்து அனலைக் குறைக்கக் கேரளத்திலும் குமரியிலும் கீழே ஓர் அடுக்குத் தட்டையான ஓட்டை (தட்டோடு) பரப்பி, அதன்மேல் மங்களூர் ஓடு மேய்வார்கள். கீழடுக்கு தூசியையும் தடுக்கும், அறைக்கு அழகான உட்கூரையாகவும் அமையும். இப்படி அமைத்த கூரையில் மண் ஓடா, கான்கிரீட் ஓடா என்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

புயலின் கணக்கு

ஒட்டாமல் கிடப்பதற்கு எதிரான வலுவான வாதம் கடற்கரையில் கேட்கும். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமம். மங்களூர் ஓட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 40 கிலோ. காற்று கூரையை அமுக்குவதைவிட மேலிருந்து உறிஞ்சித் தூக்குவதே அதிகம். இந்தக் கணக்கைப் பார்த்தால் ஓர் ஓடும் மிஞ்சக் கூடாது.

ஆனாலும் நடுக்கூரை ஓடுகள் பலமுறை தப்பிவிடுகின்றன. இடுக்குகள் வழியே காற்று கசிவதால் ஓட்டின் மேலும் கீழும் அழுத்தம் ஓரளவு சமமாகிவிடுகிறது. அட்டையையும் தகரத்தையும் போல ஒரே வீச்சில் தூக்க முடிவதில்லை. உறிஞ்சல் உச்சமாக இருப்பது இறவாணம், முகடு, பக்கவாட்டு விளிம்பு, மூலைகளில். திறந்த திண்ணையும் தாழ்வாரமும் இருந்தால் காற்று அடியிலிருந்தும் முட்டும். ஒரு விளிம்பு ஓடு போனால் அடுத்ததற்குப் பிடிப்பு இல்லை. பிறகு வரிசையாகப் பிரியும்.

ஆகவே கடலோரத்தில் முழுக் கூரையையும் சிமென்ட்டால் பூசி அடைப்பது தவறான வைத்தியம். பூச்சு காற்றின் வழியை அடைத்து, ஓடுகளை ஒரே பாளமாக்கி, தூக்குவதற்கு வசதி செய்து கொடுக்கிறது. விளிம்போர வரிசைகள் அனைத்தையும் ஓட்டின் பின்பக்கத் துளைவழியே துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரில் கட்டி, ரீப்பரைக் கைமரத்தோடும் கைமரத்தைச் சுவரோடும் பிணைத்தால் போதும். நடுவில் சில ஓடுகளுக்கு ஒன்று கட்டலாம். கான்கிரீட் ஓடுகளில் திருகாணிக்கென்றே துளை விட்டு வருகிறது. மேய்பவர்கள் அவசரத்தில் அதைத் தவிர்ப்பதுதான் பிரச்சினை. கீழடி ஓட்டிலேயே இருந்த துளையை இன்றைக்கும் பயன்படுத்தத் தயங்குவது வேடிக்கைதான்.

தளத்தின்மேல் ஒட்டிய ஓடு

கடந்த சில பத்தாண்டுகளில் பரவியிருக்கும் பழக்கம், சாய்வாகக் கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் ஓட்டைக் கலவையில் ஒட்டுவது. தெருவிலிருந்து பார்த்தால் ஓட்டு வீடு. உள்ளே தள வீட்டின் சூடு. ஓட்டுக்கு அடியில் காற்று இல்லை. ஓடு வாங்கிய வெப்பம் நேரே தளத்துக்குப் போகிறது. ஓடும் தளமும் வெவ்வேறு அளவில் விரிவதால் கலவை விட்டுவிடும். ஒழுகினால் நீர் எங்கே நுழைந்தது, எங்கே வெளிவருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஓட்டை உடைக்காமல் எடுக்கவும் முடியாது. 22 டன் தளத்தின்மேல் மூன்றரை டன் அலங்காரம் ஏற்றி, இரண்டு கூரைகளின் செலவையும் செய்து, ஓட்டுக்கூரையின் நன்மைகள் அத்தனையையும் இழக்கும் ஏற்பாடு இது. தளம் வேண்டும், ஓடும் வேண்டும் என்பவர்கள், தளத்தின்மேல் சட்டம் நிறுத்தி, ரீப்பர் அடித்து, இடையில் காற்றோட விட்டு மேயலாம். செலவு கொஞ்சம் கூடும். கூரை கூரையாக இருக்கும்.

ஓட்டையும் கான்கிரீட்டையும் அறிவோடு சேர்த்தவர் லாரி பேக்கர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த இந்தக் கட்டடக் கலைஞர், தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட் பெரிதாக வேலை செய்வதில்லை, கம்பியைப் பிடித்துக்கொள்வதோடு சரி என்பதைக் கண்டு, கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட் ஊற்றச் செய்தார். சிமென்ட் மிச்சம், எடை குறைவு, அடியில் ஓட்டின் அழகு. இதில் ஓடு கூரையாக நடிக்கவில்லை. இடம் அடைக்கும் பொருளாக நேர்மையாக வேலை செய்கிறது.

ஏன் விட்டுவந்தோம்?

ஓட்டின் பெருமையைப் பேசுகிறவர்கள், மக்கள் அதை ஏன் விட்டார்கள் என்பதையும் பேச வேண்டும். மொட்டை மாடி ஒரு பெரிய காரணம். வடாமும் மிளகாயும் காய, கோடையில் படுத்துறங்க, நாளை மகனுக்கு மாடி எடுக்க ஓட்டுக்கூரை இடம் தராது. ஓட்டைப் பிரித்து இறங்கும் திருடர் பயம் இன்னொன்று. குரங்கு வரும் ஊர்களில் மாதந்தோறும் சேதம். ஓட்டு வீடு என்றால் வசதி குறைந்த வீடு என்ற எண்ணமும் ஊறிவிட்டது. அரசும் அதே திசையில்தான் நடந்தது. 2010இல் அறிவித்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதைக் குறிக்கோளாக வைத்தது. தீப்பிடிக்காத, உறுதியான கூரை ஏழைக்கும் வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் குடிசைக்கு மேலே கான்கிரீட் தவிர வேறு படியே இல்லை என்ற எண்ணமும் அதோடு வேரூன்றியது.

பராமரிப்பு அடுத்த சிக்கல். ஐப்பசி மழைக்கு முன்பு ஆண்டுதோறும் யாராவது மேலே ஏறி, சருகு வாரி, நகர்ந்த ஓட்டைச் சேர்த்து, உடைந்ததை மாற்ற வேண்டும். ஏறுகிறவர் ஓட்டின் நடுவில் கால் வைக்காமல், ரீப்பர் மேல் வரும் இடத்தில் மிதிக்கவோ, பலகை போட்டு நகரவோ தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் உள்ள ஆட்கள் குறைந்துவிட்டார்கள். மாற்று ஓடும் எளிதில் கிடைப்பதில்லை. ஓர் ஆலையின் ஓடு இன்னோர் ஆலையின் ஓட்டோடு சரியாகப் பூட்டாது. கேரளத்தில் 2008இல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டமும் களிமண் எடுப்பதற்கான மற்றக் கட்டுப்பாடுகளும் ஓட்டு ஆலைகளுக்கு மண் கிடைப்பதைக் கடினமாக்கின. ஏற்கெனவே நொடித்திருந்த ஆலைகள் பல மூடிவிட்டன. வயலையும் நிலத்தடி நீரையும் காக்க அந்தக் கட்டுப்பாடு தேவை. ஆகவே புதிதாக மேய்கிறவர் முதல் நாளே ஐம்பது, நூறு ஓட்டைக் கூடுதலாக வாங்கி வீட்டோரம் அடுக்கிவைப்பது நல்லது. இடித்த வீடுகளின் பழைய ஓட்டைத் தட்டிப் பார்த்து, ஊறவைத்துப் பார்த்து வாங்குவது அதைவிட நல்லது. ஐம்பது அறுபது மழை கண்டும் கணீரென்று ஒலிக்கும் ஓட்டுக்கு அதைவிடச் சான்றிதழ் வேண்டியதில்லை.

எந்த வீட்டுக்கு எது

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகள் தெளிவாகின்றன. பழைய சுவர், குறைந்த அஸ்திவாரம், நல்ல சாய்வு உள்ள வீடு என்றால் மங்களூர் ஓட்டை விட்டுவிடக் காரணமே இல்லை. சட்டத்தைப் புதுப்பித்து, தட்டோடு பரப்பி, ஓட்டைத் திரும்ப மேய்வது, இடித்துத் தளம் போடுவதைவிடப் புத்திசாலித்தனம். சாய்வு குறைவாகத்தான் அமையும், அல்லது மேலே சூரியத் தகடு பொருத்த ஆட்கள் அடிக்கடி ஏற வேண்டிவரும் என்றால், திருகாணி போட்டு இறுக்கிய கான்கிரீட் ஓடு பொருந்தும். மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் இரண்டும் வேண்டாம். தளத்தைப் போட்டுவிட்டு, அதை வெயிலிலிருந்து காக்கும் வழியைப் பார்ப்பதே சரி. குரங்குத் தொல்லை தீராத ஊரில், கட்டிய ஓடும் அடியில் கம்பி வலையும் இல்லாமல் ஓட்டுக்கூரையை நினைக்கக் கூடாது.

எந்த ஓட்டைத் தேர்ந்தாலும் நான்கு கேள்விகளுக்கு மேஸ்திரியிடம் முதலில் விடை வாங்க வேண்டும். சாய்வு எத்தனை பாகை? ஓட்டுக்கு அடியில் காற்று எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறும்? விளிம்பு வரிசைகளை எதனால் கட்டப்போகிறார்? அடுத்த ஐப்பசிக்கு முன் மேலே ஏறப்போவது யார்? நான்காவதற்குப் பதில் இல்லாதவர்கள் ஓட்டுக்கூரை போடாமலிருப்பதே மேல். பதில் இருப்பவர்களுக்கு, துண்டு துண்டாகச் செப்பனிட்டே மூன்று தலைமுறைக்கு ஓட்டக்கூடிய கூரை இதைவிட வேறொன்று நம் கைக்கு இன்னும் வரவில்லை.